கதவடியில் மஞ்சள் துண்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் இருந்தவர்கள்: அக்கா, சமையலறை வாசலை ஒட்டிய நாற்காலியில், கழுவிய கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல். அத்தான், அக்காவுக்குப் பக்கத்திலும் இல்லாமல் எதிரிலும் இல்லாமல், நடுவில் ஒரு முக்காலியில். அத்தானின் அண்ணன், ஓய்வுபெற்ற தலைமைக் கணக்கர், சோபாவில் பள்ளம் விழாத பக்கத்தில். அத்தானின் காலமான முதல் மனைவிக்குத் தம்பி, டயர்க்கடைக்காரர், டி.வி.க்குப் பக்கத்தில் நின்றபடி. அந்த முதல் மனைவியின் மகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிறவள், வீட்டில் எல்லோரும் பெரியவள் என்றே கூப்பிடுகிறவள், தரையில் சம்மணமிட்டு மடியில் லேப்டாப்போடு. உள்ளறையில் அக்கா பெற்ற பாப்பா, தூக்கத்தில். கடைசியாக, செருப்புப் பலகையை ஒட்டிப் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில், அக்காவின் தங்கை. அவள் எழுதிய ஒரு பக்கத்துக்காகத்தான் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள்.

தங்கைக்கு வேலை இடத்தில் வில்லி என்று பெயர். குணத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. கம்ப்யூட்டரிலும் போனிலும் ஆடுகிற காதல் கதைகளை அந்தக் கம்பெனி செய்து விற்றது. திரையில் படம் வரும், அடியில் ஒரு பெட்டியில் வசனம் வரும், அவ்வப்போது மூன்று வரி வந்து நிற்கும். எந்த வரியைத் தொடுகிறோமோ அந்த வழியில் கதை போகும். சந்தையில் இப்போது ஓடுவது ஒரே சரக்குதான். சாதாரண அலுவலகப் பெண் ஒருத்தி லாரியில் அடிபட்டுச் சாவாள். கண் விழித்தால், தான் எப்போதோ படித்த அரண்மனைக் காதல் கதைக்குள் இருப்பாள். நாயகியாகப் பிறந்திருக்கக் கூடாதா? மாட்டாள். நாயகியைப் படுத்தி எடுக்கிற வில்லியாகத்தான் பிறந்திருப்பாள். ஒருநாள் விருந்து மண்டபத்தில், ஊரே பார்க்க, இளவரசன் அவளுடைய குற்றங்களை ஒவ்வொன்றாக வாசித்து, நிச்சயத்தை முறித்து, நாடு கடத்துவான் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அதிலிருந்து தப்ப வேண்டும். அதுதான் ஆட்டம்.

வில்லியின் பகுதி முழுவதும் இவள் எழுதுவது. மற்றவர்கள் நாயகியின் வெட்கத்தையும் இளவரசனின் தோள்பட்டையையும் வர்ணித்துக்கொண்டிருக்க, இவள் மூலையில் உட்கார்ந்து குற்றங்களைத் தயார் செய்வாள். முதலாளி வாடகைக் கட்டடத்தில் இரண்டு அறை வைத்திருந்தான். அதனால் அவனுக்கு ஜமீன் என்று பெயர். ஜமீனுக்கு ஒரு கொள்கை உண்டு.

"எல்லாக் குற்றமும் பொய்னா ஆடறவங்களுக்குச் சப்புன்னு போயிடும். ஒண்ணு நிஜமா இருக்கணும். வில்லி அதை உண்மையிலேயே பண்ணிருக்கணும். இவ அந்த உடம்புக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே பண்ணி முடிச்சிருக்கணும். பண்ணது இவ இல்ல, பதில் சொல்ல வேண்டியது இவ. அங்கதான் மனசு கிடந்து அடிச்சுக்கும்."

கொள்கை சரியானதுதான். அதனால்தான் அவர்களுடைய ஆட்டங்கள் விற்றன.

போன ஆட்டத்துக்கு அவளிடம் சரக்குத் தீர்ந்துபோயிருந்தது. விஷம் வைத்தாகிவிட்டது, மாடிப்படியில் தள்ளியாகிவிட்டது, கடிதத்தைத் திருடியாகிவிட்டது. அடுத்த நாள் ஒலிப்பதிவு. குரல் கொடுக்கிற பெண்ணுக்கு முன்பணம்கூடப் போயாகிவிட்டது. அப்போதுதான் அக்கா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது.

பாப்பா பிறந்த புதிதில் அக்கா ஒருநாள் சாயங்காலம் தங்கையின் வீட்டுக்கு வந்திருந்தாள். கைக்குழந்தை வீறிட்டு அழுதது. சமாதானம் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, திடீரென்று தானும் அழ ஆரம்பித்தாள். பெரியவள் நாலு வயசுக் குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அவளைச் சாமான் அறையில் போட்டு வெளியே தாழிட்டதையும், கதவடியில் மஞ்சள் துண்டைத் திணித்ததையும், சாயங்காலம் வரை திறக்காததையும் சொன்னாள். யாருக்கும் தெரியாது. அத்தான் அன்றைக்கு வெளியூரில். குழந்தைக்குச் சொல்லத் தெரியவில்லை, பிறகு மறந்தும் போயிருக்கும் என்று அக்கா நம்பினாள். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவையும் தாழிடுவதில்லை. பெரியவள் விடமாட்டாள், கத்திக் கூச்சல் போடுவாள். குளியலறைக் கைப்பிடியில் ஒரு சிவப்பு வளையல் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வாசல் கதவுகூடச் சும்மா சாத்தித்தான் இருக்கும். பெரியவளுக்கு ஏன் இப்படி என்று அத்தான் இரண்டு டாக்டர்களிடம் கேட்டார். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து தெரியாதவள்போலத் தலையாட்டினாள்.

இதைத்தான் தங்கை எடுத்துக்கொண்டாள். சாமான் அறை கோபுரத்து அறை ஆனது. துண்டு பட்டுச் சால்வை ஆனது. நிறம் மட்டும் மஞ்சளாகவே தங்கிவிட்டது. நிறத்தை மாற்றுவதற்கு என்ன, ஒரு சொல். அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆட்டம் வெளிவந்ததும் இலவசப் பிரதி கிடைத்தது. அதை அவள் பெரியவளுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பிவைத்தாள். அந்தப் பெண்ணுக்கு இந்தமாதிரி ஆட்டங்கள் என்றால் உயிர். குட்டி சித்தி எழுதியது என்றால் கேட்கவே வேண்டாம்.

"வயர எந்த ஓட்டையில சொருகணும்னே தெரியலையே, பெரிய டயர் பஞ்சரே பரவாயில்ல போல," என்றார் டயர்க்கடைக்காரர், கூடத்தில் லேப்டாப் வயரோடு டி.வி.க்குப் பின்னால் குனிந்தபடி.

"விடுங்க மாமா," என்று பெரியவள் எழுந்து தானே சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

டி.வி.யில் விருந்து மண்டபம் வந்தது. சரவிளக்குகள், சிவப்புக் கம்பளம், முகத்தில் பாதியைக் கண்ணே அடைத்துக்கொண்ட பெண்கள்.

அத்தானின் அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது கார்ட்டூன்ல? இதுக்கா என்னை வெயில்ல வரச்சொன்னீங்க?"

"கொஞ்சம் பொறுங்க. இப்ப பேசும் பாருங்க," என்றார் டயர்க்கடைக்காரர்.

நாயகி முன்னே வந்தாள். வில்லியின் மாற்றாந்தாய்த் தங்கை, வெள்ளை உடுப்பு, கண்ணில் முத்துமுத்தாக நீர். பேச ஆரம்பித்தாள். அடியில் பெட்டியில் வசனம் ஓடியது.

'அப்போது எனக்கு நான்கு வயது. கோபுரத்து அறையில் என்னைத் தள்ளித் தாழிட்டாள். கதவடியில் ஒரு வெளிச்சக் கோடு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் தன் மஞ்சள் சால்வையை அங்கே திணித்தாள். கோடு அணைந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். மாலை வரை பாடிக்கொண்டிருந்தாள்.'

பின்னணியில் அந்தப் பாட்டு வந்தது. வார்த்தை இல்லாத வெறும் முனகல், நாலைந்து சுரத்திலேயே சுற்றிச்சுற்றி வருவது. பெரியவள் ஒரு விசையைத் தட்ட எல்லாம் உறைந்து நின்றது. நாயகியின் கண்ணீர் கன்னத்திலேயே தங்கிவிட்டது.

"இது கதை இல்ல பெரியப்பா," என்றாள் பெரியவள். "நான்தான்."

அத்தான் முழங்காலில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை இமையை மட்டும் அசைத்தாள். பேசாதே என்று அதற்கு அர்த்தம்.

அது முன்பே பேசி வைத்தது. வியாழக்கிழமை அக்கா போன் செய்திருந்தாள்.

"பெரியவ அவ மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாடி. ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம். பாப்பாவை என்கூட விடமாட்டேங்கறாரு. சின்னக் குழந்தையை நம்பி விட முடியாதுங்கறாரு. இவரும் பேசாம இருக்காரு."

"நானும் வர்றேன். நீ வாய திறக்காதே."

"நான் என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன். அன்னைக்கு ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்தேன். முந்தின ராத்திரியும் டூட்டி. அவ தெருவுக்கு ஓடி ஓடிப் போறா, வண்டி வருது. கொஞ்ச நேரம் கண்ணை மூடலாம்னு உள்ள விட்டுத் தாழ் போட்டேன். அப்படியே தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா இருட்டிப்போச்சு. அவ்வளவுதான்டி. தூங்கிட்டேன்."

"அதை மட்டும் சொல்லிடாதே."

"ஏன்?"

"தூங்கிட்டேங்கறது ஒரு பதிலா அக்கா? குழந்தை கதறுது, நீ தூங்கினேன்னா யாரு நம்புவா? கேக்கறதுக்கே எவ்ளோ சப்பையா இருக்கு. நான் சொல்றதக் கேளு. இந்தமாதிரி காட்சி நான் எத்தனை எழுதியிருக்கேன். குற்றம் சொல்றவன் முதல்ல முழுக்கச் சொல்லி முடிக்கணும். நடுவுல பேசினா அது சால்ஜாப்பு. அவன் முடிச்சதும் ஒரு சாட்சி எந்திரிக்கணும். நான் எந்திரிப்பேன். எல்லாம் என் கற்பனைன்னு சொல்வேன். மேட்டர் முடிஞ்சுது."

அக்கா மருத்துவமனையில் நர்ஸ். டாக்டர் சொன்னதைச் செய்தே பழகியவள். "சரி," என்றாள்.

அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னபோதும் அக்கா இதைச் சொல்லியிருந்தாள். சப்பை என்பதால்தான் தங்கை எழுதும்போதும் அதை வெட்டி எறிந்திருந்தாள். வில்லி தூங்கிப்போனாள் என்று எழுதினால் எவன் ஆடுவான்? கதவுக்கு வெளியே நின்று பாட வைத்தாள். பின்னணி இசை போடும் பையன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த முனகலைச் செய்து கொடுத்தான். கேட்டதும் ஜமீனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையை நீட்டி எல்லோருக்கும் காட்டினான்.

கூடத்தில் டயர்க்கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார். கோபுரத்து அறை அவருக்கு முன்னுரைதான். ஒரு கல்லை நகர்த்தியதும் அடியில் இருந்ததெல்லாம் வெளியே ஓடிவருவதுபோல, இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தது வந்தது.

"எங்க அக்கா துணிமணியெல்லாம் எங்க? ஒண்ணு விடாம எடுத்து வெளிய போட்டாச்சு. லீவுக்குப் பொண்ணை எங்க வீட்டுக்கு அனுப்புன்னு நானும் வருஷா வருஷம் தொண்டைத் தண்ணி வத்தக் கேட்டேன். அனுப்பினாளா? எங்க அக்கா போட்டோ கூடத்துல இருந்துச்சு. இப்ப எங்க இருக்கு? பீரோவுக்குப் பின்னாடி."

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. துணியெல்லாம் பூச்சி அரித்து உதிர்ந்தது. எடுத்துப் போடச் சொன்னதே அத்தான். டயர்க்கடை வீட்டில் எல்லாரும் கதவைத் தாழிட்டுத் தூங்குவார்கள், அதனால் பெரியவளே போகமாட்டேன் என்றாள். போட்டோவின் கண்ணாடி உடைந்து, சட்டம் போட எடுத்து வைத்தது அப்படியே கிடக்கிறது. அக்காவின் உதடு ஒவ்வொரு தடவையும் பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் தங்கை இமையை அசைத்தாள். உதடு மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றார் டயர்க்கடைக்காரர் சோபாவைப் பார்த்து. "வாயில கொழுக்கட்டையா இருக்கு? ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியல. பேச என்ன இருக்கு?"

"நீ ஏதாவது சொல்றதுன்னா சொல்லும்மா," என்றார் அத்தானின் அண்ணன். கெட்ட மனுஷர் இல்லை. உண்மையாகவே காத்திருந்தார். சுவரைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார்.

அக்கா தங்கையின் இமையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். அந்த உறை மூடும் சத்தத்தில்தான் தங்கைக்குத் தன் கணக்குத் தப்பியது தெரிந்தது. அவள் எழுதிய மண்டபங்களில் குற்றவாளி பேசாமல் நின்றால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். இங்கே யாரும் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு மௌனத்துக்கும் ஒரு படி இறங்கி, அடியில் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் அவசரமாக எழுந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்து செருப்புகள் மேல் விழுந்தது.

"இதெல்லாம் நான் எழுதினது. என் கற்பனை. அக்காவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வாரத்துக்கு இப்படி நாலு எழுதறேன், அதான் என் பொழப்பு. இவ சின்ன வயசுல ஏதாவது கனவு கண்டிருப்பா. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறா."

"குட்டி சித்தி," என்றாள் பெரியவள். கோபமாக இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "வெளிச்சம் அணைஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"கதவுக்கு அடியில ஒரு கோடு. நான் தரையில கன்னத்த வச்சு அதையே பார்த்துட்டிருந்தேன். திடீர்னு அது போயிடுச்சு. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எனக்கே மறந்துபோச்சு. நீங்க எழுதினதைப் படிச்சப்பதான் வந்துச்சு. அது உள்ள இருந்தவளுக்கு மட்டும்தானே தெரியும்?"

வெளிச்சக் கோட்டை அக்கா சொல்லவில்லை. துண்டைத்தான் சொன்னாள். கதவடியில் துண்டைத் திணித்தால் உள்ளே இருக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று தங்கை தானே யோசித்து எழுதியது அது. சரியாக இருந்திருக்கிறது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அவளுக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. பெருமைதான். வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுக முடியாது.

"தானா வந்துச்சு," என்றாள். "எழுதறப்ப அப்படித் தானா வரும்."

"தானா வருமாம்," என்றார் டயர்க்கடைக்காரர். "மஞ்சள் கலர் உட்பட."

"பாட்டு? அது மட்டும் நிச்சயமா நான் சேர்த்தது. எங்க ஆபீஸ் பையன் போட்ட மெட்டு. அவனைக் கூப்பிட்டு வேணா கேளுங்க. யாரும் வெளிய நின்னு பாடல."

பெரியவள் தலையை ஆட்டினாள். "பாடினாங்க. எனக்குக் கேட்டுச்சு. கோடு போனதுக்கப்புறம் அதை மட்டும்தான் கேட்டுட்டிருந்தேன். இந்த மெட்டு எனக்கு முன்னாடியே தெரியும்."

"போன வருஷம் பண்ணின மெட்டுடி அது!"

"எனக்குத் தெரியாதா குட்டி சித்தி? உள்ள இருந்தது நான்."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தங்கைக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தது. உண்மை ஒன்றைக் கலந்தால் பொய்யெல்லாம் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் ஜமீனின் கொள்கையே. பிடித்துக்கொண்டுவிட்டது. இனி அதைப் பிரித்து எடுக்க யாராலும் ஆகாது.

அப்போதுகூட அவள் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. கையில் ஒரு வழி மிச்சம் இருந்தது. அவளுடைய ஆட்டங்களில் எது ஓடாவிட்டாலும் அது ஓடும். வில்லி தனிமையில் அழுத ரகசியத்தை யாராவது ஒருத்தி எல்லோர் முன்னாலும் உடைக்க வேண்டும். அந்த இடத்தில் ஆடுகிறவர்கள் அழுவார்கள். அழுததாகக் கடிதம்கூடப் போடுவார்கள்.

"சரி," என்றாள். "அக்காதான் சொன்னா. பாப்பா பிறந்தப்ப எங்க வீட்ல உக்காந்து சொன்னா. எப்படி அழுதா தெரியுமா உங்களுக்கு? இத்தனை வருஷமா மனசுக்குள்ள வச்சுப் புழுங்கிட்டிருக்கா. அன்னைலேர்ந்து இந்த வீட்ல ஒரு தாழ்ப்பாள் போட்டதுண்டா? எதுக்குன்னு நினைச்சீங்க? தினம் தினம் தண்டனை அனுபவிச்சிட்டுத்தான் இருக்கா. தப்பு பண்ணினவ இப்படியா அழுவா?"

சொல்லி முடித்துவிட்டு முகங்களைப் பார்த்தாள்.

அத்தான் முதல் தடவையாக நிமிர்ந்தார். அக்காவைத்தான் பார்த்தார். "உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். "டாக்டர்கிட்ட போனப்ப என் பக்கத்துலதானே உக்காந்திருந்தே."

அவ்வளவுதான். அதற்குமேல் விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் பெரியவள் பேசினாள்.

"அந்த அழுற வழியை நானும் தொட்டுப் பார்த்தேன் குட்டி சித்தி. திரும்பத் திரும்பப் பார்த்தேன். வில்லியா நான்தான் மண்டி போடறேன், நான்தான் அழறேன். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் மன்னிச்சிடறாங்க. உள்ள இருந்தவளும் ஓடிவந்து கட்டிப்பிடிச்சுக்கறா. அவளை யாரு கேட்டீங்க? அவ மன்னிச்சதா நீங்களே எழுதிட்டீங்க."

அக்காதான் பேசினாள். அன்றைக்கு அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"தூங்கிட்டேன்," என்றாள்.

"என்னது?" என்றார் டயர்க்கடைக்காரர்.

"ராத்திரி டூட்டி பார்த்துட்டு வந்தேன். இவ தெருவுக்கு ஓடினா. உள்ள விட்டுத் தாழ் போட்டேன். தூங்கிட்டேன். பாடல. நிக்கல. தூங்கிட்டேன்."

"நல்லா இருக்கு. இவ்வளவு நேரம் கம்முனு உக்காந்திருந்து இப்ப கண்டுபிடிச்சாச்சு. இதையும் தங்கச்சிதான் எழுதிக் குடுத்தாளா?"

அக்கா தங்கையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"துண்டு எதுக்கும்மா?" என்று அத்தானின் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "தூங்கப் போறவ துண்டை எதுக்கு வச்சே?"

இந்த இடத்தில் சொல்ல எவ்வளவோ இருந்தது. பூச்சி வரும், தூசு வரும், காற்று வரும். தங்கைக்கு அந்த நொடியில் நாலு பொய் தோன்றியது. அக்காவுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"அழுற சத்தம் கேக்காம இருக்க," என்றாள்.

உள்ளறையில் பாப்பா முழித்துக்கொண்டு சிணுங்கியது. அக்கா சட்டென்று எழுந்தாள், கை தானாகவே முன்னால் நீண்டிருந்தது. அத்தானும் எழுந்தார். முக்காலியிலிருந்து உள்ளறை வாசலுக்கு அவருக்குத்தான் தூரம் குறைவு. குறுக்கே போய் நின்றுகொண்டார். தொடவில்லை, தள்ளவில்லை. சும்மா நின்றார்.

"கொஞ்ச நாள் உன் தங்கச்சி வீட்ல இரு," என்றார்.

"பாப்பா?"

"பாப்பா இங்கயே இருக்கட்டும்."

"இன்னும் பால் மறக்கலங்க அவ. ராத்திரி தேடுவா."

"பார்த்துக்கலாம்."

"யாரு பார்த்துக்குவா? நீங்களா?"

"நான் பார்த்துக்கறேன்," என்றாள் பெரியவள். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து, அப்பாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பாப்பா அக்காவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. பெரியவள் மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை. பிடரியில் கை வைத்து, பத்திரமாகத்தான் மாற்றினாள்.

"உன்னை நான் வளர்த்தேன்," என்றாள் அக்கா.

"ஆமா சித்தி," என்றாள் பெரியவள். "அதையும்தான் யோசிச்சேன். நிறைய நாள் யோசிச்சேன்."

துணி எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். அக்கா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. டயர்க்கடைக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஜெயித்த களை அவர் முகத்தில் இல்லை. வேலை முடிந்த களைப்புதான் இருந்தது. தங்கை விழுந்த நாற்காலியை நிமிர்த்தி, அடியில் கிடந்த செருப்புகளில் அக்காவுடையதைத் தேடி எடுத்து அவள் காலடியில் வைத்தாள். அக்கா அதைப் போட்டுக்கொள்ளாமல் தாண்டி நடந்தாள். தங்கை இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வெளியே படிக்கட்டு முகப்பில் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், யாரோ வைத்துவிட்டுப் போன உடைந்த சைக்கிள். அக்கா அங்கே வந்து நின்றாள். படி இறங்கவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தாள். பெரியவள் குழந்தையோடு நிலைப்படிக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வெளியே போகும்போது மட்டும் பூட்டுகிற பெரிய சாவி பக்கத்து ஆணியில் தொங்கியது.

"அக்கா," என்றாள் தங்கை. "நான் உனக்காகத்தான்..."

"நான் சொல்லியிருப்பேன்டி," என்றாள் அக்கா. "ஆரம்பத்துலயே சொல்லியிருப்பேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் சொல்லியிருப்பேன். சப்பையா இருக்குன்னு சொன்னே."

பெரியவள் கதவைச் சாத்தினாள். சாத்துவதோடு நிற்பாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அந்த வீட்டின் வழக்கம் அதுதானே. உள்ளே பாப்பா அழுதது. முதலில் சிணுங்கலாக, பிறகு தொண்டையைத் திறந்து, அம்மா அம்மா என்று. பெரியவளின் இடுப்பு உயரத்தில் சின்ன உள்ளங்கை ஒன்று கதவின் மரத்தில் படபடவென்று அடித்தது. அக்கா கதவில் கையை வைத்தாள். அந்தச் சின்னக் கை அடிக்கும் உயரத்துக்குக் குனிந்து, தன் கையை அங்கே வைத்தாள்.

அப்போது உள்ளேயிருந்து பாட்டுக் கேட்டது. பெரியவள் குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். வார்த்தை இல்லாத முனகல், நாலைந்து சுரத்திலேயே சுற்றிச்சுற்றி வருவது. ஒரு சுரம்கூடத் தப்பவில்லை.

"இதுதான் அந்தப் பாட்டா?" என்று கேட்டாள் அக்கா. டி.வி.யில் வந்ததை அவள் கவனித்தே இருக்கவில்லை.

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்கா குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கதவடியில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று இருந்தது. அதில் இரண்டு கால்களின் நிழல் நகர்ந்தது. ஆணியிலிருந்து சாவி எடுக்கும் சத்தம் கேட்டது. உள்பக்கமாகப் பூட்டிப் பழக்கமில்லாத பூட்டு, சாவி முதலில் பிடிக்கவில்லை. பெரியவள் பாடுவதை நிறுத்தாமல் இன்னொரு தரம் முயன்றாள். பூட்டு விழுந்தது.